கண்ணை போட்டோ எடுத்தா மட்டும் போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க மருத்துவப் பக்கத்துல, கண்மணிய விரிய வைக்கற சொட்டு மருந்தே இல்லாம ஒரு நொடியில மொத்த ரெட்டினாவையும் (கண்ணுக்குள்ள பின்பக்கம் இருக்கற விழித்திரை) படம் பிடிச்சிடலாம்னு போட்டிருந்தீங்க. மெஷின் நல்ல மெஷின்தான், நான் குறை சொல்லல. ஆனா அந்த 'மொத்த'ங்கிற வார்த்தைதான் இடிக்குது. கண் ஆஸ்பத்திரில ஆப்டோமெட்ரிஸ்ட்டா (பார்வைய சோதிக்கறவர்) இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால எழுதுறேன்.

அம்பது அறுபது வயசுக்கு மேல கண்ணுக்குள்ள இருக்கற ஜெல் சுருங்கி ரெட்டினாவை விட்டு பிரியும், மைனஸ் பவர் அதிகம் உள்ளவங்களுக்கும் கேடராக்ட் ஆபரேஷன் பண்ணினவங்களுக்கும் சீக்கிரமாவே பிரியும். அப்போ திடீர்னு கண்ணு முன்னாடி பூச்சி பறக்கற மாதிரி தெரியும், ஓரத்துல மின்னல் வெட்டும். நிறைய பேருக்கு அதோட சரி. ஆனா இப்படி புதுசா தொந்தரவு வந்து வர்றவங்கள்ல நூத்துக்கு 10-15 பேருக்கு ஜெல் பிரியும்போதே ரெட்டினாவையும் இழுத்து கிழிச்சிருக்கும். அப்படியே விட்டா கிட்டத்தட்ட பாதி பேருக்கு ரெட்டினா கழண்டுடும்.

கிழிசல் வர்றது பெரும்பாலும் ஓரத்துல, அதுவும் மேல் பக்கம். ரெட்டினாவை படம் எடுக்கற சாதாரண ஃபண்டஸ் கேமரா நடுவுல ஒரு 45 டிகிரிதான் பாக்கும். அகலமா எடுக்கற புது வைட்ஃபீல்ட் கேமரா 200 டிகிரி வரைக்கும் எடுக்கும், அதுலயும் மேலயும் கீழயும் இமையும் இமை முடியும் மறைச்சிடும், கடைசி ஓரம் விட்டுப்போகும். ரெட்டினாவோட அடுக்குகளை ஒளியால படம் எடுக்கற ஓசிடி ஸ்கேன் நடுப்பகுதிய அருமையா காட்டும், ஓரத்து கிழிசலுக்கு அத நம்ப முடியாது. உள்ள ரத்தம் கசிஞ்சு எதுவுமே தெரியலன்னா பி-ஸ்கேன்ங்கற கண் அல்ட்ராசவுண்ட்தான் கை கொடுக்கும், அந்த மாதிரி கேஸ்ல கிழிசல் இருக்கறதுக்கு சான்ஸும் ரொம்ப ஜாஸ்தி.

அதனால படத்துல கிழிசல் தெரிஞ்சா அது உபயோகம், தெரியலன்னா இல்லன்னு அர்த்தம் கிடையாது. மருந்து விட்டு, படுக்க வெச்சு, டாக்டர் தலையில லைட்ட மாட்டிக்கிட்டு கண்ணை அங்கங்க அழுத்தி சுத்திப் பாக்கறதுதான் இன்னிக்கும் முடிவான டெஸ்ட். அழுத்தும்போது கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கும், நாலஞ்சு மணி நேரம் மங்கலாவும் இருக்கும், வண்டி ஓட்ட முடியாதுன்னு மருந்தே வேணாம்னு சொல்றவங்கள நெறைய பாத்திருக்கேன். அவங்க கையில இந்த மாதிரி கட்டுரை கிடைச்சா கேக்கவே வேணாம்.

சீக்கிரம் கண்டுபிடிச்சா லேசரோட முடிஞ்சிடும், அட்மிட் ஆகக்கூட வேண்டாம். லேசர் கிழிசலை ஒட்டாது, வயலுக்கு வரப்பு போடற மாதிரி சுத்திலும் தழும்பு உண்டாக்கி, கண்ணுக்குள்ள இருக்கற தண்ணி கிழிசல் வழியா ரெட்டினாவுக்கு அடியில பரவாம தடுக்கும். கழண்ட பிறகு போனா பெரிய ஆபரேஷன், நடுப்பகுதியும் கழண்டிருந்தா பார்வை முழுசா திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்னொன்னு, முதல் தடவ நார்மல்னு சொன்னாலும் நாலுலேருந்து ஆறு வாரத்துல மறுபடி பாக்கணும், ஏன்னா ஜெல் முழுசா பிரிஞ்சு முடியறதுக்குள்ள புதுசா கிழியலாம். நடுவுல பூச்சி கூடினாலோ ஓரத்துல திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ அன்னிக்கே கிளம்பணும்.

அடுத்த வாரம் அதே பக்கத்துல இத ஒரு பெட்டிச் செய்தியாவாவது போடுங்க சார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட்,
திருநெல்வேலி