கூரையில் போட்ட சாக்பீஸ் வட்டம்

மெக்கின்னி, டெக்சாஸ்
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ எழுதி மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. கூரைக் கணக்கு முடியட்டும், முழுக் கதையாகவே எழுதிவிடலாம் என்று இருந்தேன். முந்தாநாள்தான் இன்சூரன்ஸிலிருந்து கடைசி செக் வந்தது. ஏப்ரலில் பத்து நிமிஷம் பெய்த ஆலங்கட்டிக்கு அக்டோபரில் கணக்கு தீர்ந்திருக்கிறது.

மொட்டை மாடியில் ஷீட் போடப் போகிறாய், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்து போனார், எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு வருகிறேன். முதலில் என் கதையைக் கேள்.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். மேற்கே வானம் பாசி பிடித்த குளம் மாதிரி பச்சையாக இருந்தது. முதலில் கடுகு வெடிக்கிற சத்தம். உன் தங்கச்சி வெளியே ஓடி கறிவேப்பிலைத் தொட்டியை இழுத்து உள்ளே போட்டாள். அவள் கதவைச் சாத்துவதற்குள் கூரை மேல் யாரோ வரிசையாகத் தேங்காய் உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரும்பாலும் நெல்லிக்காய் அளவு, நடுநடுவே எலுமிச்சை. இங்கே ஒரு அங்குலம் இருந்தாலே வானிலைக்காரர்கள் கடும் புயல் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பெய்து ஓய்ந்ததும் மகன் பெரிதாக ஒன்றைப் பொறுக்கி, பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுத்தான். விளையாட்டாகத்தான் எடுத்தான். பிறகு அந்தப் படம் எனக்குச் சோறு போட்டது.

மறுநாள் காலையில் கீழே நின்று பார்த்தேன். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். நம் ஊரில் ஓடு உடைந்தால் கண்ணுக்குத் தெரியும், அடுத்த மழையில் சட்டி வைப்போம், வெயில் வந்ததும் ஏறி மாற்றுவோம். இங்கே மரப்பலகை, அதன் மேல் ஒரு விரிப்பு, அதன் மேல் ஷிங்கிள். கண்ணாடி இழைப் பாயில் தாரைத் தடவி, மேலே கல் பொடியைத் தூவிய அட்டைதான் ஷிங்கிள். ஆலங்கட்டி அடித்தால் அது உடைவதில்லை, அடி பட்ட இடத்தில் பொடி உதிர்ந்துவிடுகிறது. பொடி போன இடத்தில் தாரை வெயில் தின்னும். ஒழுக ஆரம்பிக்க இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். அதற்குள் இன்சூரன்ஸில் கேட்கிற கெடு முடிந்திருக்கும். அதனால் இங்கே கூரைச் சேதம் என்பது ஒழுகலை வைத்துத் தெரிவதில்லை, யாராவது ஏறி எண்ணிப் பார்த்துத்தான் தெரிகிறது.

ஒன்பது மணிக்குள் மூன்று பேர் கதவைத் தட்டிவிட்டார்கள். கையில் ஏணி, மார்பில் அட்டை, வாயில் தேன். புயல் எங்கே அடிக்கிறதோ அங்கே போய் இறங்குகிற கூரைக் காண்ட்ராக்டர் கூட்டம் இது. டெக்சாஸில் முடி வெட்டுவதற்குக்கூட மாநில லைசென்ஸ் வேண்டும், கூரை போட வேண்டாம். நம்ப மாட்டாய், அதுதான் சட்டம். மூன்றாவதாக வந்த பையன் சொன்னான்: "உங்க கைக்காசு ஒண்ணும் போடவேண்டாம் சார், டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம்."

டிடக்டிபிள் என்றால், சேதத்தில் முதல் பங்கு நம்முடையது. காருக்கு ஐந்நூறு, ஆயிரம் டாலர் என்று இருக்கும். வீட்டுக்குக் காற்றும் ஆலங்கட்டியும் என்றால் இந்தப் பக்கம் சதவீதக் கணக்கு. என் பாலிசியில் இரண்டு சதவீதம் என்று போட்டிருந்தது. நான் இத்தனை வருஷமாக அதைச் சேதத்தில் இரண்டு சதவீதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போட்ட இன்சூரன்ஸ் தொகையில் இரண்டு சதவீதமாம். வீடு 4,50,000 டாலருக்கு இன்சூர் ஆகியிருக்கிறது. ஆக, 9,000 டாலர் என் தலையில். எம்.காம். படித்தவன் நான், நீயே சிரித்துக்கொள்.

அந்த ஒன்பதாயிரத்தைக் கேட்ட பிறகு அந்தப் பையன் சொன்னது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன். "அவன் நமக்குத் தர்ற ஒம்பதாயிரம் எங்கேருந்து வரும்?" என்று உன் தங்கச்சி ஒரே கேள்விதான் கேட்டாள். இன்சூரன்ஸுக்கு அனுப்பும் பில்லை ஏற்றிக் காட்டுவான், இல்லையென்றால் கூரையில் சாமானைக் குறைப்பான். வேறு எங்கிருந்தும் வராது. 2019 செப்டம்பர் முதல் இப்படித் தள்ளுபடி செய்வது இங்கே குற்றம். நீ உன் பங்கைக் கட்டினாயா, ரசீது காட்டு என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. எதிர்வீட்டுக்காரர் வேறு விதமாக மாட்டினார். "கூரையைப் பார்க்க மட்டும் அனுமதி" என்று டேப்லெட்டில் ஒரு கையெழுத்து வாங்கினார்கள். அது முழு வேலைக்கும் ஒப்பந்தம். மீள்வதற்குள் மனுஷன் இளைத்துவிட்டார்.

நான் இன்சூரன்ஸுக்கு நேராகப் போன் போட்டேன். தகவல் கிடைத்ததை அவர்கள் பதினைந்து நாளுக்குள் ஒப்புக்கொண்டாக வேண்டும் என்பது இங்கே விதி. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் அனுப்புகிற ஆளான அட்ஜஸ்டர் வருகிற தேதியும் வந்தது. அன்றைக்கு ஆபீஸில் ஒரு மீட்டிங். போய்விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அட்ஜஸ்டர் கூரையின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்தடிக்குப் பத்தடி ஒரு சதுரம் போட்டு, அதற்குள் அடிபட்ட ஒவ்வொரு இடத்தையும் சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணுவார். சதுரத்துக்குள் எட்டோ பத்தோ தேறினால் அந்தப் பக்கம் முழுவதும் மாற்றலாம் என்று பொதுவாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் தெற்கே ஒன்பது, மேற்கே பதினொன்று, கிழக்கே நான்கு, வடக்கே மூன்று. அறிக்கை வந்தது: இரண்டு பக்கத்துக்கு மட்டும் பணம். பாதி கூரை புதுசு, பாதி பழசு. ஒரே வேட்டியில் பாதியை மட்டும் துவைத்த மாதிரி.

கஜா புயல் நினைவுக்கு வந்தது மாப்பிள்ளை. 2018 நவம்பர் 16. விடிந்து பார்த்தால் பேராவூரணிப் பக்கம் தோப்பெல்லாம் படுத்துக் கிடந்தது. விழுந்த மரத்தை வி.ஏ.ஓ. வந்து எண்ணும்வரை தொடாதே என்று உன் அப்பா தலைப்பாடாக அடித்துக்கொண்டார். வழியை மறிக்கிறதென்று நீ நான்கு மரத்தை அறுத்து ஒதுக்கிவிட்டாய். தென்னை மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது அந்த நான்கும் கணக்கில் இல்லை. அன்றைக்குப் போனில் உன்னைக் கிண்டல் செய்தேன். "மரம் விழுந்தாப் போதாது, எண்ணிக்கையில விழணும்" என்று உன் அப்பா சொன்னதை இங்கே மெக்கின்னியில் கூரையடியில் நின்றுதான் புரிந்துகொண்டேன்.

மறு ஆய்வு கேட்டு எழுதினேன். கேட்க நமக்கு உரிமை உண்டு. உள்ளூரில் பதினைந்து வருஷமாக ஒரே இடத்தில் கடை வைத்திருக்கிற காண்ட்ராக்டர் ஒருவரைப் பிடித்தேன், அவரும் கூட ஏறினார். ஒன்று தெரிந்துகொள்: அவர் அடிபட்ட இடத்தைக் காட்டலாம், விலை சொல்லலாம். எனக்காக இன்சூரன்ஸோடு பேரம் பேசக்கூடாது. கூரை போடுகிறவனே கிளெய்மையும் பேசக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஒரு காண்ட்ராக்டர் கம்பெனி அதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2024இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. எனக்கு அது சரியென்றுதான் படுகிறது.

இந்தத் தடவை லீவு போட்டு நானும் ஏணியில் ஏறினேன். ஐம்பத்தாறு வயதில், இடுப்பில் கயிறோடு. பதினொரு வருஷமாக இந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிறேன், மேலே போனது அன்றைக்குத்தான். உன் வீட்டு ஓட்டின் மேல் ஆடி மாதம் ஏறி ஓடு மாற்றுவோமே, ரீப்பரில் கால் வை, ஓட்டில் வைக்காதே என்று உன் அப்பா கீழேயிருந்து கத்துவாரே, அந்தப் பயம் அப்படியே காலில் இருந்தது. வந்த அட்ஜஸ்டர் வயதானவர், நிதானமானவர். அடிபட்ட இடத்தைக் கண்ணால் தேடவில்லை, உள்ளங்கையால் தடவினார். பொடி போன இடம் மெத்தென்று அமுங்குகிறது, பழுத்த மாம்பழத்தில் கை வைத்த மாதிரி. என் விரலையும் பிடித்து வைத்துக் காட்டினார். குழாய் மூடிகளில் இருந்த நெளிவு, ஏ.சி. பெட்டியின் தகட்டில் விழுந்த பள்ளம், ஜன்னல் வலையின் கிழிசல் எல்லாவற்றையும் பார்த்தார். மகன் எடுத்த படத்தையும் வாங்கிக்கொண்டார். கிழக்கே நான்கு பத்தானது, வடக்கே மூன்று எட்டானது. முழுக் கூரைக்கும் ஒப்புதல்.

பணக் கணக்கைச் சொல்கிறேன், கேட்டால் தலை சுற்றும். புதுக் கூரைக்கு 22,400 டாலர். பழைய கூரைக்குப் பதினொரு வயது என்பதால் தேய்மானம் 8,100 கழித்தார்கள். மீதி 14,300. அதில் என் பங்கு 9,000 போக, முதல் செக் 5,300. வேலையை முடித்து பில்லைக் காட்டினால்தான் அந்த 8,100 வரும். காசை வாங்கிக் காரை மாற்றிவிட்டுக் கூரையை அப்படியே விடுகிறவர்களுக்கு இப்படி ஒரு பூட்டு. சில பாலிசிகளில் தேய்மானம் திரும்பவே வராது. கூரைக்குப் பத்து வயது தாண்டினால் தேய்மானம் கழித்த விலைதான் என்று புதுப்பிக்கும்போது ஒரு தாளைச் சேர்த்து அனுப்பிவிடுகிறார்கள். பக்கத்துத் தெரு நண்பருக்கு அப்படித்தான் ஆனது. அந்தத் தாளை அவர் படிக்கவில்லை. நானும் படித்திருக்க மாட்டேன்.

செக் வந்தால் அதில் என் பெயரோடு வீட்டுக்கடன் கொடுத்தவர்களின் பெயரும். அவர்கள் கையெழுத்துப் போடாமல் மாற்ற முடியாது. தபாலில் அனுப்பி, தொலைந்து, மறுபடி வாங்கி, அதில் ஒன்றரை மாதம். அதை விடு.

வேலை நடந்த நாளைச் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். எல்லாரும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். செடிகள் மேல் தார்ப்பாயை விரித்துவிட்டு ஏறினார்கள். மண்வெட்டி மாதிரி ஒன்றை ஷிங்கிளுக்கு அடியில் கொடுத்து நெம்பினால் தோல் உரிவது போல உரிந்து வருகிறது. பத்தரைக்குள் வீடு மொட்டை. சமையலறைப் புகைக்குழாய் பக்கம் பலகை உளுத்திருந்தது. மேஸ்திரி ஒரு துண்டை உடைத்துக் கையில் கொடுத்தார், ஊறின ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. அதற்கு இன்சூரன்ஸ் தராது, அது புயல் செய்ததில்லை, நாளாவட்டத்தில் ஆனது. நான்கு பலகைக்கு என் காசு. மத்தியானம் உன் தங்கச்சி ஒரு குடம் நீர்மோர் கொடுத்தாள், இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், மேஸ்திரி மூன்று டம்ளர் குடித்தார். இருட்டுவதற்குள் கூரை முடிந்தது. கடைசியில் சக்கரம் வைத்த காந்தத்தைப் புல்வெளி முழுக்க உருட்டி ஆணி பொறுக்கினார்கள். ஒரு வாளி ஆணி. அப்படியும் அடுத்த வாரம் கார் டயரில் ஒன்று ஏறியது.

அடி தாங்குகிற ஷிங்கிள் என்று உயர் ரகம் ஒன்று உண்டு. இரண்டு அங்குல இரும்புக் குண்டை இருபது அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு முறை போட்டுச் சோதிக்கிறார்கள், வெடிக்கக்கூடாது. கூடுதல் காசு கொடுத்து அதைத்தான் போட்டேன். பிரீமியத்தில் கழிவு கிடைக்கிறது. அந்தக் கழிவோடு, பார்வைக்கு மட்டும் ஆன சேதத்துக்குத் தர மாட்டோம் என்று சில கம்பெனிகள் ஒரு வரியையும் சேர்த்துவிடும். இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சரி, உன் விஷயம். பாரத் கிருஹ ரக்ஷா என்று 2021 ஏப்ரலிலிருந்து வீட்டுக்கு ஒரே மாதிரியான பாலிசி வந்திருக்கிறது. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். புயல், வெள்ளம் எல்லாம் அதில் உண்டு. வீட்டுக்கு எவ்வளவு போடுகிறாயோ அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, உள்ளே இருக்கிற சாமானுக்கும் தானாகவே சேரும். எடு என்றுதான் சொல்வேன். ஆனால் மாடி ஷீட்டையும் கட்டடத்தோடு சேர்த்து எழுதியிருக்கிறார்களா என்று ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காதே, எழுத்தில் வாங்கு. இன்னொன்று, வீட்டுக்கடன் வாங்கியபோதே இன்சூரன்ஸ் போட்டாயிற்று என்று எழுதியிருந்தாய். அந்தத் தாளை எடுத்துப் பார். பல பேருக்கு அது கடன் வாங்கியவரின் உயிருக்குப் போட்டதாக இருக்கும், வீட்டுக்கு இருக்காது.

ஷீட் போட்டதும் நாலு பக்கமும் படம் எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பு, பில்லையும் சேர்த்து. காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது. ஓரத்திலும் மூலையிலும்தான் இழுப்பு அதிகம், அங்கே ஷீட்டைப் பிடிக்கிற ஜே போல்ட்டை நெருக்கிப் போடச் சொல். வாஷர் வைக்கிறானா என்று நீயே ஏறிப் பார், தம்பியை அனுப்பாதே.

பழைய வீட்டில் பிரித்த நாட்டு ஓடு கொல்லையில் அடுக்கி இருக்கிறது என்றாயே, அதில் நல்லதாக இரண்டு எடுத்து வை. ஜனவரியில் வருகிறேன், பொங்கலுக்கு அங்கேதான். அத்தையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மச்சான்