இடைநிலைப்பள்ளியில் தமிழ் அடுக்கு: கோப்புகளை அனுப்பினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தமிழ்ப் புத்தகம், பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1இல் கால் வைத்ததும் காணாமல் போகிறது. நம் மலேசியாவில் தமிழ்ப்பள்ளி தொடக்கப்பள்ளியோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒரு பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. வகுப்புக்காவது இப்படி ஒரு வழி உண்டு. பள்ளி வள மையத்தில், அதாவது பள்ளி நூலகத்தில், தமிழ் நூல் அடுக்கு வேண்டுமென்றால் யாராவது மெனக்கெட்டால்தான் உண்டு.

அந்த இடத்தை இப்போது புலனக் (வாட்ஸ்ஆப்) குழுக்கள் நிரப்பப் பார்க்கின்றன. யாரோ ஒருவர் நூறு பிடிஎஃப் கோப்புகளை ஒரே மாலையில் கொட்டிவிடுகிறார். நல்ல மனத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை அதில் எதைத் திறப்பது? பாதிக் கோப்புகளுக்கு எண்கள்தான் பெயர். சில பாதியில் நிற்கும், பல உரிமையில்லாமல் எடுக்கப்பட்டவை. நூலகப் பொறுப்பில் இருப்பவரின் வேலை தேர்ந்தெடுப்பது, திறந்து பார்ப்பது, பிள்ளையின் கைக்குப் போய்ச் சேரும் வடிவத்தில் கொடுப்பது. கோலாலம்பூர்ப் பள்ளிகளில் இதை எப்படிச் செய்யலாம், எங்கே சறுக்குகிறது என்பதைப் பெற்றோரும் தமிழாசிரியர்களும் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

முதலில் அச்சுப் புத்தகம். பெரும்பாலான தேசிய இடைநிலைப்பள்ளிகளில் வள மையத்தைப் பார்த்துக்கொள்ளும் நூலக ஊடக ஆசிரியருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது அவர் குற்றமில்லை. ஆனால் புத்தகம் வாங்கும் காலத்தில் தமிழ்ப் பட்டியல் அவர் மேசைக்கு வராவிட்டால், வள மையத்துக்கான மானியம் மற்ற மொழி நூல்களுக்கே போய்விடும். தமிழாசிரியர் செய்ய வேண்டியது ஒன்றுதான். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். ஆகியவற்றைத் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஒரே தாளில் தட்டச்சு செய்து, வாங்கும் நேரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். மலேசிய நூல்களின் எண் பெரும்பாலும் 978-967, 978-983 அல்லது 978-629 என்றும், தமிழ்நாட்டு நூல்களின் எண் 978-81 அல்லது 978-93 என்றும் தொடங்கும். பழைய உள்நாட்டு நூல்கள் சிலவற்றில் எண்ணே இருக்காது. அப்படியானால் "எண் இல்லை" என்று எழுதிவிடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் பட்டியல் திரும்பி வரும்.

எத்தனை நூல் வேண்டும்? முந்நூறு வேண்டாம், அறுபது போதும். அதில் குறைந்தது நாற்பது நூல் 120 பக்கத்துக்குள், எழுத்து சற்றுப் பெரிதாக அச்சான சிறுகதை, இளையோர் நாவல், அறிவியல், வரலாற்று நூல்களாக இருக்கட்டும். படிவம் 1க்கு வருபவர்களில் தமிழ்ப்பள்ளியில் படித்தவரும் இருப்பார், தேசியப் பள்ளியிலிருந்து வந்து எழுத்துக் கூட்டி வாசிப்பவரும் இருப்பார். அவர்கள் கையில் அறுநூறு பக்கச் சரித்திர நாவலைக் கொடுத்தால் அது இரண்டு வாரம் பையில் கிடந்து அப்படியே திரும்பி வரும். விரும்பிக் கேட்கும் நூலுக்கு இரண்டு படி வாங்குங்கள். தோழி படித்ததைத் தானும் படிக்கத்தான் பிள்ளைகள் வருவார்கள்.

அடுக்கும் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டியூவி முறையில் தமிழ் இலக்கியம் 894.811. கவிதைக்கு 894.8111, கதைக்கும் நாவலுக்கும் 894.8113. எண்ணோடு ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்தை முதுகுச்சீட்டில் ரோமனில் போடுவார்கள். அங்கேதான் குழப்பம். கா. சுப்பிரமணியம் என்று ஓர் ஆசிரியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய ஒரு நூல் SUB என்றும், இன்னொன்று SUP என்றும், மூன்றாவது தலைப்பெழுத்தைப் பார்த்துக் 'கே' வரிசையிலும் போய்விடும். ஒருவர் எழுதிய மூன்று நூல் மூன்று இடத்தில் இருக்கும். தலைப்பெழுத்தை விட்டுவிட்டு இயற்பெயரையோ புனைபெயரையோ மட்டும் எடுத்து, ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரே எழுத்துக்கூட்டை முடிவு செய்து, அந்தப் பெயர்த்தாளைக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முதுகில் நூற்பெயரைத் தமிழிலும் ஒட்ட வேண்டும், ஏனென்றால் பல மெல்லிய நூல்களின் முதுகில் பெயரே அச்சாகியிருக்காது. வள மைய மாணவர் தலைவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரையாவது சேர்க்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் நூல் சரியான இடத்துக்குப் போவது அவர் கையில்தான் இருக்கிறது.

நன்கொடை பற்றி வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும். பெட்டி பெட்டியாக வருபவற்றில் பயிற்சி நூல்களே அதிகம். படிவம் 3 மாணவர் எழுதிய பி.எம்.ஆர். தேர்வு 2013ஆம் ஆண்டோடு முடிந்தது. ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது, பி.எம்.ஆருக்குப் பதிலாக வந்த பி.டி.3 2022இல் நீக்கப்பட்டது. அந்தப் பயிற்சி நூல்கள் இன்னும் அடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. பூஞ்சை பிடித்த நூல் வந்தால் இன்னும் மோசம். நம் ஈரக் காற்றில் அது பக்கத்து நூலுக்கும் பரவும். அப்படிப்பட்டதைத் தனிப் பையில் கட்டி ஒதுக்கி, காய்ந்த பிறகு வெளியே கொண்டுபோய் உலர்ந்த தூரிகையால் துடைத்துப் பார்க்கலாம். கறை தாளுக்குள் இறங்கியிருந்தால் கழித்துவிட வேண்டும். நன்கொடை கொடுக்க விரும்புவோர் பள்ளியின் பட்டியலை வாங்கி, அதிலுள்ள ஐந்து நூலைப் புதிதாக வாங்கிக் கொடுத்தால் அது ஐம்பது பழைய நூலுக்கு மேல்.

வாங்க முடியாத நூல்களுக்குப் பொது நூலகம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் 5 படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். ஆகவே கடையில் கிடைக்காத மலேசியத் தமிழ் நூலை முதலில் துன் ரசாக் சாலையில் உள்ள அந்த நூலகத்தில் தேடுவது வீண்போகாது. பள்ளிகளுக்கு மொத்தமாக இரவல் கொடுக்கும் 'பின்ஜாமான் புக்கால்' வசதியைப் பொது நூலகங்களிடம் கேளுங்கள். பள்ளியின் கடிதத்தாளில், முதல்வரின் கையொப்பத்தோடு விண்ணப்பம் போக வேண்டும்.

இனி இணையம். பிள்ளைகளுக்குச் சொல்ல நாலைந்து தளம் போதும், ஆனால் எதை எதற்கு என்று சொல்லித் தர வேண்டும். பழந்தமிழ் நூல்களின் மூலப் பாடத்துக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தட்டச்சு செய்த பாடம் என்பதால் அதில் சொல் தேடலாம். அதன் கோப்புகளை முகப்புப் பக்கத்தை நீக்காமல் யாரும் இலவசமாகப் பகிரலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. வகுப்புக்கு நகல் எடுக்கும்போது முதலில் வெட்டப்படுவது அந்தப் பக்கம்தான், தயவுசெய்து வெட்டாதீர்கள். தட்டச்சு செய்து சரிபார்த்தவர்களின் பெயர் அதில்தான் இருக்கிறது. ஒளிவருடிய (ஸ்கேன் செய்த) பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலங்கைத் தமிழ் நூலுக்கும் இதழுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் தளம். இன்றைய எழுத்தாளர்கள் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் தாங்களே விரும்பிக் கொடுத்த நூல்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம்.

சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம். மாணவர்கள் "சென்றான்" என்று தட்டிவிட்டு ஒன்றுமில்லை என்பார்கள். அகராதியில் இருப்பது "செல்". "மரத்தை" கிடைக்காது, "மரம்" கிடைக்கும். பகுபத உறுப்பிலக்கணத்தில் படித்த 'பகுதி' (சொல்லின் வேர்) இங்கே நேரடியாக உதவுகிறது என்று காட்டினால் இலக்கண வகுப்புக்கும் பலன்.

கோப்பின் வடிவத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இருநூறு பக்க நூலை ஒளிவருடினால் எளிதாக 30, 40 எம்பி வரும். அதே நூல் தட்டச்சு செய்த, திரைக்கேற்ப வரி மடங்கும் இபப் கோப்பாக இருந்தால் பெரும்பாலும் 1 எம்பிக்குள் அடங்கும். வீட்டில் ஒரே கைப்பேசி, அதை மூன்று பிள்ளைகள் பகிர்கிறார்கள், முன்கட்டணத் தரவு மாதக் கடைசியில் தீர்ந்துவிடும் என்றால் இந்த வேறுபாடுதான் படிப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. ஏ4 பிடிஎஃப்பைச் சிறு திரையில் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். இரண்டாம் பக்கத்தில் பிள்ளை மூடிவிடும். இபப் கிடைத்தால் இபப், இல்லாவிட்டால் ஆறு அங்குலத் திரைக்கான பிடிஎஃப் என்று கேட்டு வாங்குங்கள்.

ஒளிவருடிய பக்கத்தில் சொல் தேட வேண்டுமா? கூகல் டிரைவில் ஏற்றி, கூகல் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்தாக மாற்றித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது. ஆகவே ஓர் இயலாக வெட்டி ஏற்றுங்கள், பக்கம் நேராக நிற்கட்டும். வந்ததை அப்படியே நம்பக் கூடாது. துணைக்கால் குறிக்கும் (ா) ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாமல் "காடு" என்பது "கரடு" ஆகிவிடும். தமிழ்நாட்டில் 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய உருவில் இருக்கும். அங்கே பிழை குவியும். "கௌ" என்பதைக் "கெ"யும் "ள"வும் சேர்த்துத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடலில் சிக்காது.

வள மையச் சுவரில் கியூஆர் குறியீடு ஒட்டுவது இப்போது வழக்கம். ஆனால் பிள்ளைகளிடம் பள்ளியில் கைப்பேசி இருக்காதே! குறியீடு போக வேண்டிய இடம் சுவர் இல்லை, இரவல் போகும் புத்தகத்தின் பின்னட்டை உட்புறம். நாளைக் குறிக்கும் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினால் வீட்டில் அம்மா கைப்பேசியில் திறக்கலாம். இரண்டரை சென்டிமீட்டர் சதுரம், வெள்ளையில் கறுப்பு, சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும். பளபளப்பான நெகிழி உறை போட்டால் விளக்கொளி பட்டுப் படிக்காது. இலவசச் சோதனைக் காலத்தோடு வரும், வேறொரு சேவைத் தளம் வழியாகத் திறக்கும் மாறும் குறியீட்டை எடுக்காதீர்கள், காலம் முடிந்ததும் எல்லாச் சீட்டும் செத்துவிடும். நேராகக் கோப்புக்கு இணைக்காமல் உங்கள் பள்ளியின் ஒரு பக்கத்துக்கு இணைத்து, அங்கிருந்து கோப்புக்கு அனுப்புங்கள். ஏதேனும் தளம் முகவரி மாறினால் அந்தப் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், சீட்டை மறுபடி அச்சிட வேண்டாம்.

"அனுமதி கோருக" என்ற திரை வருவதுதான் அதிகம் கேட்கும் புகார். ஆசிரியர் கல்வி அமைச்சின் டெலிமா கணக்கில் கோப்பைப் பகிர்ந்திருப்பார், பிள்ளை அப்பாவின் சொந்தக் கணக்கில் திறந்திருக்கும். டெலிமா கணக்கில் நுழையச் சொல்லித் தர வேண்டும், முடித்ததும் வெளியேறவும் சொல்ல வேண்டும். பகிர்வதற்கு முன் ஒரு மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் இணைப்பைத் திறந்து பார்த்தாலே பாதிப் புகார் குறையும். ஆசிரியர் மாற்றலாகும்போதோ பணி ஓய்வு பெறும்போதோ அவர் கணக்கிலிருந்த கோப்புகள் பள்ளிக்குக் கிடைக்காமல் போகும் ஆபத்தும் உண்டு. புறப்படுமுன் உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவதைப் பொறுப்பு ஒப்படைப்புத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

பள்ளிகளில் நடக்கும் நீலாம் வாசிப்புத் திட்டத்தின் ஐன்ஸ் இணையப் பதிவிலும் தமிழ் நூல்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று வரும்போது மின்னூல் படித்த பிள்ளை திணறும். அந்த விவரங்களைக் குறியீட்டின் கீழேயே அச்சிட்டுக் கொடுத்தால் பதிவு ஒழுங்காக வரும். சுருக்கத்தைத் தமிழில் எழுதக் கைப்பேசியில் செல்லினம் செயலி போதும். அது முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் தந்த நம் நாட்டு முத்து நெடுமாறனின் ஆக்கம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

உரிமை பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை உண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. 1970இல் மறைந்தவரின் எழுத்து இங்கே 2021 தொடக்கத்தில் பொதுவாகிவிட்டது, அங்கே 2030 முடிய வேண்டும். குறள் பொது, பரிமேலழகர் உரை பொது. ஆனால் இன்று வாழும் ஒருவர் எழுதிய உரை பொது இல்லை. இலக்கியப் பாடத்தில் இருக்கும் நாவலையோ கவிதைத் தொகுப்பையோ முழுதாக ஒளிவருடிக் குழுவில் போடுவது தவறு. மலேசியத் தமிழ் எழுத்தாளர் பலர் சொந்தப் பணத்தில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் விற்றுத்தான் அச்சகக் கடனை அடைக்கிறார்கள். பாடநூலாகும் ஒரு நூல்தான் அவர்களுக்கு ஓரளவு விற்கும். அதையும் நாம் பறித்தால் அடுத்த நூல் வராது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் வெளியீட்டுச் செய்திகளுக்குத் தாங்கள் தாராளமாக இடம் தருகிறீர்கள். யார் தலைமை தாங்கினார், யார் முதல் நூலைப் பெற்றார் என்பது வருகிறது. அதன் கீழே பக்கம், விலை, பதிப்பகம், ஐ.எஸ்.பி.என். எண், எந்த வயதினருக்கு ஏற்றது, ரோமன் எழுத்தில் நூற்பெயர், எங்கே வாங்கலாம் என்று நான்கு வரி சேர்த்தால் அந்தத் துண்டை வெட்டி அப்படியே நூலக ஊடக ஆசிரியரின் மேசையில் வைத்துவிடலாம். பதிப்பாளர்களும் எழுத்தாளர் அமைப்புகளும் செய்தி அனுப்பும்போதே இந்த விவரங்களையும் சேர்த்து அனுப்பட்டும்.

இப்படிக்கு,
பள்ளி வள மையப் பொறுப்பாசிரியர்,
செந்தூல், கோலாலம்பூர்