சின்னம்மாவின் உறுதி

தெல்லிப்பழை,
மார்கழி.

அன்பின் நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். வவுனியாவில் உனக்கு நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டதென அம்மா சொன்னார். மகிழ்ச்சி. சட்டம் படிக்கப் போன காரணம் இன்னும் நினைவிருக்கிறதா என்று உன் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்தாய். பதில் எழுத மூன்று கிழமை பிந்தியதற்குக் காரணம் பரீட்சையல்ல, வெட்கம்.

சின்னம்மாவின் சீதனக் காணியை நீ அறிவாய். நாம் கிரிக்கெட் விளையாடிய நான்கு பரப்பு நிலம். சித்தப்பா 1997இல் வவுனியாவுக்குப் போனவர், திரும்பவில்லை. மகளின் படிப்புக்காக இரண்டு பரப்பை விற்கச் சின்னம்மா ஒரு சட்டத்தரணியிடம் போனபோது, கணவரின் கையெழுத்து வேண்டும், இல்லையேல் மரணச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் படலைச் சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கும் ஒருவரிடம் கேட்கக்கூடாத கடதாசி அது. துணைக்குப் போன எனக்கு அப்போது பதினேழு வயது. வாசலில் செருப்பைத் தேடியபடி, "விளங்கிற மாதிரி ஒரு வசனம் சொல்ல அங்கை ஆளில்லையே" என்று அவர் சொன்னதுதான் என்னைக் கொழும்புப் புதுக்கடைச் சட்டக் கல்லூரிவரை கொண்டுபோனது.

அங்கே யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் படித்தோம். பரம்பரையாக வரும் முதுசம், சீதனம், மணவாழ்வில் சேர்க்கும் தேடியதேட்டம் என்று ஆச்சிமாரின் வாயில் நாம் கேட்ட சொற்கள், ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த சட்டமாக, பரீட்சைக் குறிப்புகளாக என் கொப்பிக்குள் வந்து சேர்ந்தன. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் சொல்வது. ஆனால் கணவர் இருக்குமிடம் தெரியாதவிடத்து, மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்து, அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கட்டளை பெறலாம் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. சின்னம்மா அலைந்த காலம் முழுவதும் அந்த வழி திறந்தே கிடந்தது.

இதைப் படித்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? மஞ்சள் பேனையால் கோடிட்டு, 'கட்டாயம் வரும்' என்று ஓரத்தில் எழுதினேன். வரவும் செய்தது. "'அ' என்பவர் மணமான பெண்" என்று தொடங்கிய வினாவுக்கு நல்ல விடை எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். விடுமுறைக்கு வரும்போது, விடியற்புறம் பஸ் ஆனையிறவைக் கடக்கையில்தான், அந்த 'அ' யார் என்பது எனக்கு உறைத்தது.

கொழும்புக் கம்பனிகளின் பெரிய சம்பளம் என்னை மாற்றிவிடும் என்று நாம் இருவரும் பயந்தோம். அந்தச் சம்பளத்தை இதுவரை யாரும் எனக்குத் தருவதாகச் சொல்லவில்லை என்பது வேறு கதை. என்னை மாற்றியது கெட்டிக்காரத்தனம். ஆளை எழுத்தாக்கி, அழுகையைக் கழித்து, பிரச்சினையை மட்டும் எடுக்கும் அந்தப் பயிற்சி இல்லாமல் ஒரு மனுவைக்கூட ஒழுங்காக வரைய முடியாது. ஆகையால் அதை விடவும் மாட்டேன். கழித்த ஆளைத் திரும்பச் சேர்ப்பதற்கு மட்டும் அங்கே பாடம் இல்லை.

நேற்றுப் பின்னேரம் சின்னம்மாவின் விறாந்தையில் இருந்து காணியின் உறுதிப் பத்திரத்தை விரித்தோம். மடிப்புகளில் கிழிந்த இடங்களை அவர் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். வரிவரியாக வாசித்து விளங்கப்படுத்தினேன். மகள் வேலைக்குப் போவதால் விற்கும் தேவை இப்போது இல்லை. காணியை அவளுக்கு நன்கொடையாக எழுத விரும்புகிறார். அதற்கும் அதே மனுத்தான் வழி என்றேன். "அப்ப அவரைச் செத்தவர் எண்டு எழுதத் தேவையில்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். தேத்தண்ணி ஊற்றப் போனவர் பாதியில் திரும்பி வந்து இன்னொரு தடவை கேட்டார்.

தை பிறந்ததும் அவரை ஒரு மூத்த சட்டத்தரணியிடம் அழைத்துப் போகிறேன். சித்தப்பாவைக் காணவில்லை என்று அப்போது வவுனியாவில் கொடுத்த முறைப்பாட்டின் துண்டு இடப்பெயர்வுகளில் தொலைந்துவிட்டது. அதன் பிரதியை எடுக்க முடியுமா என்று நீ அங்கே விசாரித்துச் சொல்வாயா? முழுப்பெயரும் திகதியும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்