அளவு சொல்லித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

பொது மருத்துவத்திலும் மாற்றுத்திறனாளிகள் நலனிலும் கடலூர் மாவட்டத்தில் எதை முதலில் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி, ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர்களிடம் கொடுத்தோம். ஒருவர் அதை அப்படியே தன் முன்னுரிமையாக ஏற்று மேடையில் வாசித்தார். அவருக்கு நன்றி. ஆனால் "மருத்துவ வசதிகள் மேம்படுத்தப்படும்" என்ற ஒற்றை வரியோடு போயிருக்க வேண்டிய தாளில் அடியும் அங்குலமும் கிழமையும் ஏறியது உங்களால்தான். இந்த மடல் உங்களுக்கு.

முதல் நன்றி கொத்தனார்களுக்கு. சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். வாசல் ஒன்றரை அடி உயரமிருந்தால் 18 அடி. பல இடங்களில் படிக்கட்டின் மேலேயே சிமென்ட் பூசி ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பின்னாலிருந்து தள்ளுகிறவருக்கே மூச்சு வாங்கும். தனியாக ஏறினால் சக்கர நாற்காலி மல்லாந்துவிடும். முன்னால் 18 அடிக்கு இடமில்லையே என்றதற்கு, ஒன்பதடி ஏறி, ஐந்தடிச் சதுரத் திட்டில் திரும்பி, சுவரோரமாக இன்னும் ஒன்பதடி ஏறலாம் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினீர்கள். நாலடி அகலம், இரு பக்கமும் கைப்பிடி, சக்கரம் நழுவாமல் ஓரத்தில் விளிம்பு. டைல்ஸ் வேண்டவே வேண்டாம். சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்கே கீறிவிட்டால் ஐப்பசி மழையிலும் வழுக்காது என்றதும் நீங்கள்தான்.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்பதை நாங்கள் எழுதாமல் விட்டிருந்தோம். உள்ளே விழுந்தவர் கதவோடு சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. மூன்றடி வழி, உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி. இத்தனையும் கட்டிய பிறகு பிளீச்சிங் பவுடர் மூட்டையை அடுக்கிப் பூட்டி வைப்பதும் நடக்கிறது. ஆகவே சாவி யார் பொறுப்பு என்பதும் பட்டியலில் ஒரு வரியாயிற்று.

வழக்கறிஞர்களுக்கு நன்றி. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25-ஆம் பிரிவில், அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டிலும் தடையில்லாத வழியையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் கேட்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து 5 ஆண்டு கெடு. "கருணை கூர்ந்து" என்று தொடங்கிய எங்கள் முதல் வரியை அடித்துவிட்டு, "கெடு 2022-இலேயே முடிந்துவிட்டது" என்று எழுதித் தந்தீர்கள்.

கிராம சுகாதார செவிலியர்களே, வளைபாதத்தோடு, அதாவது பாதம் உள்பக்கம் திரும்பி வளைந்து, பிறக்கும் குழந்தைகளைப் பற்றி நீங்கள் சொன்னது பட்டியலில் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. வாரம் ஒரு மாவுக்கட்டாக ஐந்து முதல் ஏழு கட்டு. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணில் ஒரு சின்ன வெட்டு. அப்புறம் மூன்று வாரக் கட்டு. இந்தக் கட்டம் வரை தாய்மார்கள் தவறாமல் வருகிறார்கள். பாதம் நேராகிவிட்டது என்று நினைத்து அதன் பிறகு விடுவதுதான் ஆபத்து. கம்பியால் இணைத்த காலணியை மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நாலு வயது வரை தூங்கும்போதும் போட வேண்டும். குழந்தை அழுகிறது என்று கழற்றி வைத்தால் பாதம் மறுபடி வளைந்துவிடும். கால் வளர வளர அடுத்த அளவு காலணி கையிருப்பில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். எனவே "இலவச சிகிச்சை" என்பதோடு நிற்காமல், "எல்லா அளவிலும் காலணி, கட்டு மாற்ற வரும் தாய்க்குப் பேருந்துச் செலவு" என்று கேட்டிருக்கிறோம்.

சைக்கிள் கடைக்காரர்களின் உதவியை எத்தனை முறை சொன்னாலும் தகும். இடுப்பு 14 அங்குலம் உள்ளவருக்கு 18 அங்குல இருக்கையுள்ள சக்கர நாற்காலி கொடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்தே உட்காருவார். முதுகு கோணும், ஒரு பக்கப் புட்டத்தில் புண் விழும். உட்கார்ந்த நிலையில் இடுப்பை அளந்து ஓரங்குலம் கூட்டினால் போதும். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்புப் பக்கத்து உப்புக் காற்றில் பேரிங் சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, கிரீஸ் அப்பிப் பூட்ட வேண்டும். இதைச் செய்து காட்டினீர்கள். அதற்கு முன்பு "புதிய வண்டி" என்றுதான் எழுதியிருந்தோம். இப்போது ஒவ்வொரு தாலுகாவிலும் ட்யூப், பேரிங், முன்சக்கரம், பிரேக் கட்டை இருப்பு வைக்க வேண்டும், மாதம் ஒரு நாள் பழுது பார்க்க ஆள் வர வேண்டும் என்று இருக்கிறது. புது வண்டி கொடுத்தால் போட்டோ எடுக்கலாம். பேரிங் மாற்றினால் அந்த மனிதர் நாளைக்கு வேலைக்குப் போகலாம். எங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம் பற்றிச் சொன்ன செவித்திறன் நிபுணர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். காதில் கேட்கும் ஒலிக்கு நரம்பும் மூளைத்தண்டும் பதில் தருகிறதா என்று கைக்குழந்தைக்குச் செய்யும் பெரா (BERA) பரிசோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். திட்டக்குடியிலிருந்து பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வரும் குழந்தை, முகாமின் இரைச்சலில் விழித்துக்கொள்ளும். அன்றைய பரிசோதனை அத்தோடு போயிற்று. பெரியவர்களுக்கும் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே எடுத்த அளவு சரிவராது. சலுகைகளுக்குத் தகுதியாக வைத்திருக்கும் 40 சதவீதக் குறைபாடு என்ற கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே மாறிவிடும். ஆதலால் விருத்தாசலம், திட்டக்குடி, காட்டுமன்னார்கோவில் பகுதிகளில் மாதம் ஒரு குறிப்பிட்ட கிழமை, அமைதியான தனி அறை என்று எழுதினோம். ஆதாரிலும் பழைய அடையாள அட்டையிலும் தலைப்பெழுத்து வேறுபட்டால் விண்ணப்பம் திரும்பிவிடும், அதை முகாமுக்கு முன்பே திருத்த வேண்டும் என்று நினைவூட்டியவர்கள் இ-சேவை மையப் பிள்ளைகள்.

சைகைமொழி பெயர்ப்பாளர்களே, புறநோயாளிப் பிரிவில் பெயரைக் கூப்பிட்டால் காது கேளாதவர் மாலை வரை உட்கார்ந்தே இருப்பார் என்றீர்கள். டோக்கன் எண் ஒளிரும் பலகை, கூடவே பார்வையற்றோருக்கு ஒலி அறிவிப்பு. இரண்டும் சேர்த்தாயிற்று.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த உறுப்பினர்கள் கேட்டால் பட்டியலின் நகல் ஒன்று தருவோம். கொத்தனார் விட்டுப்போன மட்டக்குழாயும் (இரு முனையிலும் தண்ணீர் மட்டம் பார்த்து உயரம் அளக்கும் குழாய்) எங்களிடம் இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலை அளக்க வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் வேண்டும், குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மிக்க நன்றியுடன்,
பட்டியல் தயாரித்த குழுவினர்,
கடலூர்