டவரில் ஒற்றை ஆள் வேண்டாம்

விமான நிலைய டவர்களுக்குப் பணிப்பட்டியல் போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

அனுமதி பெறாமல் ஒரு விமானம் தரையிறங்கியது என்று செய்தி வந்தால், விளக்கம் கேட்டு முதல் கடிதம் விமானிக்குத்தான் போகிறது. அந்த நேரத்தில் டவரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. சில சமயம் வருவதே இல்லை. மதுரைக்கு இரவிலும் விமானம் வேண்டும் என்று இந்த ஊர் ஆண்டுக்கணக்கில் கேட்டது. இரவில் விமானம் வந்தால் இரவு டவருக்கும் போதிய ஆள் வர வேண்டும். மதுரையிலோ தென்மாவட்டங்களில் வேறெங்குமோ இரவு ஷிப்டில் ஒரே ஒரு கன்ட்ரோலரை (விமானங்களுக்கு ரேடியோவில் அனுமதி தருபவரை) மட்டும் டவரில் உட்கார வைக்காதீர்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

டவர் பதில் சொல்லாவிட்டால் காக்பிட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நொடிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) வேகத்தில் இறங்கும் விமானம் 1,000 அடி உயரத்தில் இருக்கும்போது ஓடுபாதை சுமார் 3 கடல் மைல் தொலைவில் இருக்கும். மிச்சம் 80 நொடி. ஒருவர் விமானத்தை ஓட்ட, மற்றவர் ரேடியோவைப் பார்க்கிறார். அலைவரிசை எண் சரியா, ஒலி குறைந்துவிட்டதா, ஆடியோ பேனலில் வேறு ரேடியோ செட் தேர்வாகியிருக்கிறதா, யாருடைய மைக்காவது அழுந்தி அலைவரிசையையே அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டாவது செட், முன்பு பேசிய அலைவரிசை, கடைசியாக அவசர அலைவரிசையான 121.5. இத்தனையும் 80 நொடிக்குள். பதில் வராவிட்டால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தாலும் மேலே ஏறிவிட வேண்டும். அப்படிக் கோ-அரவுண்ட் போவது ஒழுங்கான நடைமுறை. மறுநாள் நாளிதழில் 'வானில் வட்டமடித்த விமானம், பயணிகள் அலறல்' என்று வந்தாலும் அந்த விமானி சரியாகவே செய்தார்.

விளக்கெல்லாம் எரிகிறதே, இறங்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடாவில் இறங்கிய ஏ350 பயணி விமானத்துக்கு முறையான அனுமதி இருந்தது. அனுமதியின்றி ஓடுபாதைக்குள் வந்து நின்றிருந்த கடலோரக் காவல்படையின் சிறிய விமானம் அதன் விமானிகள் கண்ணில் படவில்லை. மோதியதில் அந்தச் சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் உயிர் தப்பினார்கள். அங்கே அப்படியென்றால், ஓடுபாதையைச் சோதிக்கப் போன ஜீப்போ வேலியிடுக்கில் நுழைந்த நாயோ இருட்டில் மேலிருந்து தெரியுமா? இறங்கலாம் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால், ஓடுபாதை காலியாக இருப்பதைப் பார்த்த ஒரு மனிதர் இருக்கிறார். விமானிக்கு வேண்டியது அவருடைய கண்.

ரேடியோ செத்தால் என்ன செய்வது என்று விதிப்புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. டிரான்ஸ்பாண்டரில் (விமானத்தின் அடையாளத்தை ரேடாருக்கு அனுப்பும் கருவியில்) ரேடியோ செத்ததற்கான குறியீடான 7600 போட வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் அதே நிலையில் பறந்து பொருத்தமான பக்கத்து நிலையத்தில் இறங்க வேண்டும். இல்லையென்றால் குறித்த நேரத்தில் இறங்கத் தொடங்கி, எதிர்பார்த்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் தரையைத் தொட முயல வேண்டும். டவரிலிருந்து லைட் கன் என்ற வண்ண விளக்கைக் காட்டுவார்கள்: நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்ற வேண்டும், விட்டுவிட்டு ஒளிரும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்கக் கூடாது. ஐயா, இந்த நடைமுறை முழுவதும் டவரில் ஒருவர் விழித்திருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அவர் தூங்கியோ மயங்கியோ சாய்ந்திருந்தால் அந்த லைட் கன்னை எடுத்து நீட்டுவது யார்?

2011 மார்ச் 23 நள்ளிரவுக்குப் பின் அமெரிக்காவின் வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இதுதான் நடந்தது. டவரில் இருந்த ஒரே கன்ட்ரோலர், தொடர்ந்து நான்காவது இரவுப் பணியில், தூங்கிவிட்டார். விமானங்களை நிலையத்தை நோக்கி வழிநடத்தும் அப்ரோச் பிரிவினர் தொலைபேசியில் அழைத்தும் பதில் இல்லை. இரண்டு பயணி விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாங்களே அலைவரிசையில் அறிவித்துக்கொண்டு இறங்கின. அடுத்த மாதம் அதே நாட்டின் ரீனோ நகரில், நோயாளியுடன் வந்த ஆம்புலன்ஸ் விமானமும் டவரின் பதில் இல்லாமலே இறங்கியது. அதன் பிறகுதான் இரவில் தனியாள் வைத்திருந்த டவர்களுக்கு அந்நாட்டில் இரண்டாவது ஆள் வந்தார். 14 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தப் பாடத்தைப் படிக்க நமக்கென்று தனியாக ஒரு விபத்து வேண்டுமா?

தனியாள் இரவுப் பணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு காது ரேடியோவில், மறு காது மற்ற பிரிவுகளோடு பேசும் ஹாட்லைனில். ஒவ்வொரு விமானத்தின் விவரத்தையும் குறிக்கும் ஸ்டிரிப் எழுத வேண்டும், ஓடுபாதை விளக்கைக் கூட்டிக் குறைக்க வேண்டும், காற்று திரும்பினால் ஓடுபாதைத் திசையை மாற்ற வேண்டும், தீயணைப்பு நிலையத்தோடு பேச வேண்டும். கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தால் படியிறங்கிப் போய்வர ஐந்து நிமிடம். விமானத்தின் 80 நொடி அதற்குள் முடிந்துவிடும். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். அதிகாலை 2 மணிக்கு மேல் உடம்பு தானாகவே தளரும். எத்தனை கண்டிப்பான சுற்றறிக்கை வந்தாலும் அதை நிறுத்த முடியாது. தூங்கியவரைச் சஸ்பெண்ட் செய்ய ஒரு தாள் போதும். பக்கத்து நாற்காலியில் இன்னொருவர் இருந்திருந்தால் தோளைத் தட்டி எழுப்பியிருப்பார். சர்க்கரை குறைந்து சாய்ந்திருந்தால் மைக்கை வாங்கிக்கொண்டிருப்பார்.

மேலே சுற்றுபவரின் நிலையும் இதே அளவு கடினம். விமான ரேடியோ பயன்படுத்தும் வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் செல்வது. மதுரைக்கு மேலே 2,000 அடியில் சுற்றும் விமானத்தின் குரல் தரையில் சுமார் 100 கி.மீ. வரைதான் எட்டும். திருச்சியும் தூத்துக்குடியும் ஏறக்குறைய 120 கி.மீ. அப்பால் இருக்கின்றன. பேச வேண்டுமென்றால் ஏற வேண்டும். ஏறினால் எரிபொருள் போகும். ஏ320 ரகத்தில் ஒரு கோ-அரவுண்ட் போய்ச் சுற்றி வர ஏறக்குறைய 400 கிலோ. தொடக்கூடாத கடைசி 30 நிமிட இருப்பு சுமார் 1,100 கிலோ. மாற்று நிலையம் அந்த நேரத்தில் திறந்திருக்குமா என்பது இன்னொரு கவலை. அந்த இருப்பிலேயே கைவைக்க வேண்டி வரும் என்று கணக்கு காட்டினால் 'மேடே ஃபியூல்' என்ற எரிபொருள் அவசரநிலையை அறிவித்து, எல்லா விளக்கும் போட்டு, தூரத்தைச் சொல்லிச் சொல்லி இறங்குவதைத் தவிர வழியில்லை. விமானத்தின் தலைவருக்கு அந்த அதிகாரத்தைச் சர்வதேச விதியே தருகிறது. அப்படி இறங்கியவரைக் குற்றவாளியாக நிறுத்தி விசாரணையைத் தொடங்குவது அநியாயம்.

மதுரையில் குறைக்குப் பஞ்சமில்லை. 7,500 அடி ஓடுபாதையை நீட்டும் பேச்சு வருடக்கணக்கில் நிலப் பிரச்சினையிலேயே இழுபடுகிறது. அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்கை நாடிப் பறவைகள் வருகின்றன. நிலமும் குப்பையும் பல துறை சம்பந்தப்பட்டவை, நாளாகும் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறோம். டவரில் இரண்டாவது ஆளைப் போடுவது உங்கள் பணிப்பட்டியலில் ஒரு வரி.

அந்த ஆள் வரும்வரை இடைக்காலமாக இவற்றையாவது செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம். டவர் இரண்டு அழைப்புக்குப் பதில் தராவிட்டால் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் உடனே டவருக்கு ஓட வேண்டும் என்று எழுத்தில் ஆணையிடுங்கள். அவர் கையில் டவர் கதவின் சாவி இருக்கட்டும். லைட் கன்னை வாரம் ஒருமுறை ஓடுபாதையின் இரு முனையிலிருந்தும் பார்த்துச் சோதித்துப் பதிவு செய்யுங்கள். டவர் மௌனமானால் அந்தந்த நிலையத்தில் என்ன செய்வது, யாரை எந்த அலைவரிசையில் அழைப்பது என்பதை விமானிகள் கையில் இருக்கும் நடைமுறை ஏட்டில் அச்சிடுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று குளிர்கால அட்டவணை தொடங்குகிறது. அதன் முதல் இரவில் மதுரை டவரின் பணிப்பட்டியலில் இரண்டு பெயர்கள் இருக்க வேண்டும் என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வான்போக்குவரத்துப் பணி அறிந்த மதுரைக்காரர்கள்