வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டுப் பணிக்கு ஆள் அனுப்பும் பொறுப்பு மொத்தமும் உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். இத்தனை காலம் சம்பளப் பிரிவில் இருந்தவனுக்கு இது ஒரு வேலையா என்று இப்போது தோன்றும். ஆறு மாதம் போகட்டும், அப்புறம் பேசலாம். என் பக்கம் பெரிதாகச் செய்தி இல்லை. ஓய்வு பிடித்திருக்கிறது, முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை, மகள் வேலை மாறியிருக்கிறாள். சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன்.

வரியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மேலதிகாரிகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். "183 நாளுக்குள் திரும்பிவிட்டால் அங்கே வரி கிடையாது" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அது அரைகுறை உண்மை. பெரும்பாலான இருநாட்டு வரி ஒப்பந்தங்களுக்கு அடிப்படையான ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) மாதிரி ஒப்பந்தத்தில், 15-ஆவது பிரிவைப் படித்துப் பார். மூன்று நிபந்தனைகள் இருக்கும். எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் அங்கே தங்கியது 183 நாளைத் தாண்டக் கூடாது. சம்பளம் கொடுக்கும் முதலாளி அந்த நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அந்த முதலாளிக்கு அங்கே நிரந்தர அலுவலகம் இருந்தால், சம்பளச் செலவு அதன் கணக்கில் ஏறக் கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. நம் கணக்குப் பிரிவுகள் என்ன செய்யும் தெரியுமா? சம்பளத்தை இங்கிருந்து கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் அங்குள்ள கிளை நிறுவனத்தின் பேரில் பில் போடும். பல நாடுகளில் வரி அதிகாரி அதைப் பார்த்ததும், "வேலை வாங்குவதும் செலவைச் சுமப்பதும் இவர்கள், அப்படியானால் முதலாளியும் இவர்களே" என்பார். பிறகு முதல் நாளிலிருந்தே வரிதான். அதனால் நாளை எண்ணுவதற்கு முன்னால் பில் யார் பேருக்குப் போகிறது என்று கேள். ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் சொற்கள் மாறும் என்பதையும் மறக்காதே. சிலவற்றில் பன்னிரண்டு மாதத்துக்குப் பதில் வரி ஆண்டை வைத்து எண்ணுவார்கள்.

ஓய்வூதியம், காப்பீடு போன்றவற்றுக்குக் கட்டும் சமூகப் பாதுகாப்புச் சந்தா இன்னொரு தனிக் கணக்கு. வரி விலக்கு இருந்தால் இதற்கும் விலக்கு என்று நினைத்துவிடாதே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால், சொந்த நாட்டுச் சந்தா முறையில்தான் இருக்கிறார் என்று காட்டும் ஏ1 சான்றிதழ் கையில் இருக்கும்வரை சொந்த நாட்டிலேயே சந்தா கட்டலாம். வழக்கமான வரம்பு 24 மாதம். மற்ற இடங்களில் இரு நாட்டுக்கும் இந்தச் சந்தாவுக்கென்று தனி ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் கட்ட நேரும்.

டாக்ஸ் ஈக்வலைசேஷன் (வரியைச் சமன் செய்வது) பற்றிக் கேட்டிருந்தாய். யோசனை எளிது. ஊரிலேயே இருந்திருந்தால் என்ன வரி கட்டியிருப்பாரோ அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, இரு நாட்டிலும் வரும் உண்மையான வரியை நிறுவனமே கட்டிவிடும். ஆளுக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இதைப் போகிறவருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, உட்கார வைத்து விளக்கு. வரி குறைவான நாட்டுக்குப் போகிறவர் மிச்சமெல்லாம் தன் பையில் என்று கணக்குப் போட்டிருப்பார். முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகு விளக்கினால் உன்னைத்தான் திட்டுவார்.

இதையெல்லாம் ஒரு நல்ல ஆலோசகரும் பார்த்துக்கொள்வார். நீயே பார்க்க வேண்டியது குடும்பம். 1980-களின் தொடக்கத்தில் ரோசலி டங் என்ற ஆய்வாளர் பன்னாட்டு நிறுவனங்களிடம் ஆட்கள் ஏன் பாதியில் திரும்புகிறார்கள் என்று கேட்டபோது, அமெரிக்க நிறுவனங்கள் முதலில் சொன்ன காரணம் வாழ்க்கைத் துணையால் அங்கே ஒட்ட முடியவில்லை என்பது. வேலைத் திறமை அப்புறம்தான் வந்தது. நான் பார்த்தவரை இன்றும் பெரிதாக மாறவில்லை. போகிறவருக்கு முதல் நாளிலிருந்தே அலுவலகமும் சக ஊழியர்களும் இருக்கிறார்கள். கூடப் போகிறவர் தன் வேலையை விட்டுவிட்டு, பல சமயம் அங்கே வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில், பள்ளி, மருத்துவம், மொழி எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்க வேண்டும். ஆகவே அவரையும் பேச்சுக்குக் கூப்பிடு. ஊழியர் முன்னால் இல்லாமல் ஒரு தடவை தனியாகப் பேசினால் இன்னும் நல்லது. தயக்கம் அப்போதுதான் வெளியே வரும்.

உங்கள் தலைவர் "40 சதவீதப் பணிகள் தோல்வி" என்று ஸ்லைடு காட்டினார் என்றாயே, அதைப் பார்த்துப் பயப்படாதே. 1995-இல் ஆன்-வில் ஹார்ஸிங் என்ற ஆய்வாளர் இந்த மாதிரி எண்களின் வேரைத் தேடிப் போனார். ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியதுதான் மிஞ்சியது, ஆதாரம் மிகவும் மெலிவு என்று எழுதினார். அதோடு, பாதியில் திரும்புவதை மட்டும் தோல்வி என்று எண்ணுவதே எனக்கு ஒப்பவில்லை. மூன்று வருடம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் அந்தக் கணக்கில் வெற்றி!

எனக்கு உண்மையில் கவலை தருவது திரும்பி வருகிறவர்கள். அங்கே போய் ஆறிலிருந்து பதினெட்டு மாதம்வரை மனம் தொய்யும் என்று 1955-லேயே லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் எழுதினார். அமெரிக்கா சென்று வந்த நார்வே நாட்டினரிடம் கேட்டு எழுதியது. ஊர் திரும்பியதும் அதே தொய்வு இன்னொரு சுற்று வரும் என்று 1963-இல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி சேர்த்தார்கள். போகும்போது எல்லோரும் எச்சரிக்கிறார்கள், வரும்போது ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. அங்கே ஒரு கிளையையே நடத்தியவர் இங்கே வந்து ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் கையெழுத்துக்குக் காத்திருக்கிறார். அனுப்பிய மேலாளர் வேறு பிரிவுக்குப் போயிருப்பார். அங்கே கற்றதை யாரும் கேட்பதில்லை. ஒரு வருடத்துக்குள் ராஜினாமா. அவருக்குச் செலவு செய்ததெல்லாம் போட்டியாளருக்குப் பயிற்சியாகப் போகிறது.

திரும்பினால் இன்ன பதவி என்று உறுதி கொடுக்க உங்கள் ஆட்கள் ஒப்ப மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் இங்கே ஒரு மூத்தவரைப் பொறுப்பாக நியமிக்கலாம், அவர் மாறினால் அடுத்தவர் யார் என்றும் எழுதிவைக்கலாம். திரும்பும் தேதிக்கு ஆறு மாதம் முன்பே வேலை தேடத் தொடங்கலாம். இதற்குப் பணம் வேண்டாம், பிடிவாதம் மட்டும் போதும்.

உன் பட்டியலில் இந்த வருடம் திரும்புகிறவர்கள் எத்தனை பேர், அவர்களில் யாருக்கு இன்னும் இடம் முடிவாகவில்லை என்று பார்த்து எழுது. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு அடுத்த கடிதத்தில் பேசுவோம். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்