குமுளி ஏற விடாத அப்பாவுக்கு

வெவே, சுவிட்சர்லாந்து
அக்டோபர் 2, வியாழன் இரவு

அன்புள்ள அப்பா,

நான் நலம். நீங்களும் அம்மாவும் அப்பத்தாவும் நலமா? போன ஞாயிறு போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை, லைன் விட்டு விட்டு வந்தது. "அம்புட்டுத் தூரம் சைக்கிள்ல எதுக்குத்தா போற, அந்த ஊர்ல ரயில் இல்லையா?" என்றீர்கள். ரயில் இருக்கிறது அப்பா, ஏரிக்கரையை ஒட்டியே ஓடுகிறது. ஆனாலும் நான் ஏன் சைக்கிளில் போகிறேன் என்பதைப் போனில் சொன்னால் உங்களுக்குப் புரியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஏரிக்கு லெமான் என்று பேர். நம்ம தேக்கடி ஏரி 26 சதுர கிலோமீட்டர் என்றால் இது 580. பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது, வடகரை பெரும்பாலும் சுவிட்சர்லாந்து, தென்கரை பெரும்பாலும் பிரான்ஸ். முழுசாகச் சுற்றினால் சுமார் 180 கிலோமீட்டர். இங்கே வண்டிகள் வலது பக்கம் போகும், அதனால் பிரகாரம் சுற்றுவது போல ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றினால் நமக்கும் தண்ணீருக்கும் நடுவில் எதிர்வண்டி வராது. ஆகஸ்டில் நான் அப்படித்தான் சுற்றினேன், இரண்டு நாளாக. முதல் நாள் இங்கிருந்து கிழக்கே போய், முனையைச் சுற்றித் தென்கரை வழியாக ஜெனீவா. அங்கே தோழி வீட்டில் படுத்துவிட்டு மறுநாள் வடகரை வழியாகத் திரும்பினேன்.

ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது அந்த 180 கிலோமீட்டர் இல்லை. வாரா வாரம் நான் போகிற வழி ஒன்று இருக்கிறது, லாவோ என்ற இடம். வெவேயிலிருந்து மேற்கே லோசான் போகிற வழியெல்லாம் மலைச்சரிவு, அந்தச் சரிவு முழுக்கத் திராட்சை. முழுக்க என்றால் முழுக்க அப்பா, நம்ம ஊரில் சுருளிப்பட்டி ரோட்டில் நின்று பார்த்தால் பந்தல் பந்தலாகத் தெரியுமே, அதைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தி ஏரியில் கால் நனைய வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. 11ஆம் நூற்றாண்டில் மடத்துச் சாமியார்கள் கல் அடுக்கிப் படிப்படியாகக் கட்டியது. 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே பந்தல் கிடையாது. நாம் பந்தலுக்குக் கீழே நடந்தால் குலை தலையில் இடிக்கும், இவர்கள் கம்பி கட்டிக் கொடியை வரிசையாக விடுகிறார்கள், பழம் முழங்கால் உயரத்தில் தொங்குகிறது. ஷாஸ்லா என்று ஒரு ரகம், பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், ஒயினுக்குத்தான் போகிறது. தோட்டக்காரர் ஒருவர் நாலு பழம் பறித்துக் கொடுத்தார். தோல் மெலிசு, சாறு இனிப்பு, ஆனால் நம்ம பன்னீர் திராட்சையின் வாசம் இல்லை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது அது, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கியது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் அவருக்குச் சொன்னேன். நீங்கள் வருசம் முழுக்க அறுவடைக்கு வருகிற மாதிரி கொடியை வெட்டிக் கவாத்து பண்ணுவீர்கள் என்று சொன்னதை அவர் நம்பவே இல்லை. இங்கே கவாத்தும் ஒரு தடவை, அறுவடையும் ஒரு தடவை. இப்போது அறுவடை நேரம். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் பல் வைத்த ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள், அதில் ஒரு சின்ன எஞ்சின் கடகடவென்று பழப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுகிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் தலைச்சுமையாகப் பெட்டி தூக்கி வருவதுதான் ஞாபகம் வந்தது.

இந்தத் தோட்டங்களுக்கு மூன்று சூரியன் என்று இங்கே சொல்கிறார்கள். மேலே இருக்கிற சூரியன் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்புவது இரண்டு, பகலெல்லாம் காய்ந்து ராத்திரி வெக்கையைத் திருப்பித் தருகிற கல்சுவர் மூன்று. சாயங்காலம் ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது அந்தச் சுவரில் கை வைத்துப் பார்ப்பேன். சித்திரை மாசத்தில் நம்ம கொல்லைச் சுவர் எட்டு மணிக்கும் சுடுமே, அதே சூடு.

ஏற்றம் கரையிலிருந்தே ஆரம்பிக்கும். ஏரி கடல் மட்டத்திலிருந்து 372 மீட்டர், மேலே ஷெப்ர் என்ற ஊருக்குப் போக இன்னும் 200 மீட்டர் போல ஏற வேண்டும். தோட்டத்துக்கு நடுவில் ஓடுகிற குறுகின பாதைகள் நிறைய, தோட்டக்காரர்களின் வண்டி தவிர வேறு வண்டி அதில் வராது. சின்ன கியருக்கு மாற்றி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், அடுத்த வளைவை மட்டும் பார்த்து மிதித்தால் ஏறிவிடலாம். சைக்கிள் வழிக்கு நாடு முழுக்கச் சிவப்புப் பலகை வைத்திருக்கிறார்கள், மேப்பே வேண்டாம். உலக சைக்கிள் சங்கத்தின் தலைமை அலுவலகமே இங்கிருந்து கிட்டத்தில், ஏக்ல் என்ற ஊரில்தான் இருக்கிறது.

அப்புறம் சாங் ஷாங்கோல் பற்றிச் சொல்ல வேண்டும். தென்கரையில், நான் முதல் நாள் போன வழியில் வருகிற ஊர். ஊர் நடுவே ஒரு ஓடை, பாலத்துக்கு இந்தப் பக்கம் சுவிட்சர்லாந்து, அந்தப் பக்கம் பிரான்ஸ். அப்படியே குமுளி! நம்ம பஸ்ஸிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தால் கேரளா வந்துவிடும், போர்டெல்லாம் மலையாளமாகிவிடும் இல்லையா, இங்கே இரண்டு பக்கமும் பிரெஞ்சுதான், ஆனால் காசு மாறிவிடுகிறது, இங்கே பிராங்க், அங்கே யூரோ. அடையாள அட்டை கையில் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை. அந்தப் பாலத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன், ஊர் ஞாபகம் அப்படி வந்துவிட்டது.

அதைத் தாண்டிப் போனால் மலை நேரே ஏரிக்குள் இறங்குகிறது, நடுவில் ரோட்டுக்கு மட்டும்தான் இடம். கார்கள் உரசுகிற மாதிரி போகும், அந்தப் பகுதிதான் இந்தச் சுற்றில் எனக்குப் பயம். அங்கே பார்த்துப் பின்சக்கரம் பங்சர். ஓட்டை கண்ணுக்குத் தெரியவில்லை. டியூப்பைக் கழற்றி, கரையில் இறங்கி, ஏரித் தண்ணீரில் அமுக்கிச் சுற்றினேன். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் பார்ப்பீர்களே, அதே மாதிரி பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. உப்புத்தாளில் தேய்த்து, சொலூசன் தடவி, அது காய்கிற வரை பொறுத்து ஒட்டினேன். "அவசரப்பட்டு ஒட்டாத, காயட்டும்" என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. அந்த ஒட்டு இன்னும் தாங்குகிறது.

மறுநாள் ஜெனீவாவிலிருந்து திரும்பும்போது வடகிழக்குக் காற்று எதிரே அடித்தது, 'பீஸ்' என்கிறார்கள். நம்ம ஆடிக் காற்றில் கம்பத்துக்கு சைக்கிள் மிதித்தவளுக்கு அது பழக்கம்தான், ஆனால் இது குளிர்ந்த காற்று. அந்தப் பக்கமும் திராட்சைதான், மேடு பள்ளம் கொஞ்சம் சாது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கீழ் வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா எனக்காக இடியப்பமும் சொதியும் எடுத்து வைத்திருந்தார். வேலை நன்றாகப் போகிறது, அதைப் பற்றி அடுத்த கடிதத்தில்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிளஸ் ஒன்னில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள், நீங்கள்தான் கேரியரில் பழைய டியூப்பைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தீர்கள். அதில் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை போகலாம், குமுளி மலைப்பாதையில் ஏறக் கூடாது என்றீர்கள். ஏலத்தோட்டத்து ஜீப் வருகிற வேகம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் சொன்னது சரிதான், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டு வருசம் அங்கே பென்னிகுக் மணிமண்டபத்துப் பக்கம் நின்று, வளைவில் ரோடு மறைகிற இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன் அப்பா. மலைமேலே இருக்கிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வருகிறது, அது வருகிற இடத்துக்கு என் காலால் மிதித்துப் போக வேண்டும் என்று ஆசை. இங்கே ஒவ்வொரு ஞாயிறும் ஷெப்ர் ஏறும்போது நான் ஏறுவது அந்த ரோடுதான்.

பொங்கலுக்கு வருகிறேன், டிக்கெட் போட்டாச்சு. சபரிமலைக் கூட்டத்துக்காக மலைப்பாதையை ஒருவழியாக்குவார்கள், அதெல்லாம் முடிந்து, ஜனவரி 25க்கு மேல் ஒரு நாள் பார்ப்போம். ஜீப் எல்லாம் போய்விட்ட பிறகு எட்டு மணிக்குக் கிளம்பலாம். நீங்கள் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே வாருங்கள். கியர் இல்லாத சைக்கிள், முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறேன். இரைச்சல் பாலத்தில் நின்று தண்ணீர் குடிப்போம். மேலே குமுளியில் டீ என் செலவு.

அதற்குள் சைக்கிளைப் பரணிலிருந்து இறக்கி டயர் இரண்டையும் மாற்றிவிடுங்கள். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து எண்ணெய் விடச் சொல்லுங்கள். பிரேக் கட்டை நாலும் புதுசாக இருக்க வேண்டும், இறங்கும்போது அதுதான் முக்கியம். கேரியரில் கட்டிய டியூப்பை மட்டும் அவிழ்க்க வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்